பெட் சிடியா, பெட் எம்ஆர்ஐயா, ஸ்பெக்ட் சிடியா: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

டாக்டர் கொடுத்த சீட்டில் ‘பெட் சிடி, முழு உடல்’ என்று எழுதியிருக்கிறது. அதை நடுவில் வைத்துக்கொண்டு வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். “அதைவிட பெட் எம்ஆர்ஐதான் புதுசாம், கதிர்வீச்சும் கம்மியாம்” என்கிறார் துபாயிலிருந்து பேசும் மச்சான். “எதிர்வீட்டு அக்காவுக்கு எலும்பு ஸ்கேன் மட்டும்தானே எடுத்தாங்க, அதுலயே தெரிஞ்சுதே” என்கிறார் பெரியம்மா. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கள் பக்கத்தில் புற்றுநோய் நுழைந்த வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. பேசி முடிப்பதற்குள் பல வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது.

நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். ஊசி போட்டுப் படம் எடுப்பது என் வேலை. எந்த ஸ்கேன் என்று முடிவு செய்வது சிகிச்சை தரும் டாக்டரின் வேலை. ஆனால் அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கும் வீட்டாருக்கும் இருக்கிறது. விலை அதிகமான ஸ்கேன் நல்லது, புதிய மெஷின் இன்னும் நல்லது என்று வரிசை போட்டுப் பார்ப்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்கிறேன். “இந்த ஸ்கேனில் என்ன தெரிந்தால் வைத்தியம் மாறும்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் எந்த ஸ்கேன் என்று தீர்மானிக்க முடியும். அது தெரியாமல் மெஷின்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

ஒரே மேசையில் இரண்டு படம்

சிடியும் எம்ஆர்ஐயும் உடலின் அமைப்பைக் காட்டுகின்றன. கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர், எந்த ரத்தக் குழாயை ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவற்றில் தெரியும். பெட், ஸ்பெக்ட் இரண்டும் வேறு வகை. கதிரியக்கம் கொண்ட மருந்தை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டு, அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்க்கிறோம். செல்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பது அதில் தெரியும். அவை சரியாக எந்த இடத்தில் இருக்கின்றன என்பது மங்கலாகத்தான் தெரியும். காசிமேட்டுக் கரையில் இரவு நின்று பார்த்தால் கடலில் படகு விளக்குகள் தெரியுமே, அது மாதிரி. வெளிச்சம் இருக்கிறது என்று சொல்லலாம். எத்தனை பாகம் ஆழமுள்ள இடத்தில் படகு நிற்கிறது என்று அந்த வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

முன்பெல்லாம் இரண்டையும் தனித்தனி நாளில் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஆள் படுத்த விதம் மாறியிருக்கும், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், குடல் நகர்ந்திருக்கும், இரண்டும் பொருந்தாது. ஒரே மேசையில், ஆள் அசையாமல் இருக்கும்போதே இரண்டையும் எடுத்துவிடலாம் என்ற யோசனையை டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் என்ற இருவர் செயலாக்கினார்கள். முதல் மாதிரி பெட் சிடி 1998இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கியது. முழு உடலையும் ஒரே நேரத்தில் எடுக்கும் பெட் எம்ஆர்ஐ 2010இல்தான் வந்தது. பிறகு வந்ததால் அது முந்தையதை விரட்டிவிடவில்லை. இன்றும் உலகம் முழுக்கப் புற்றுநோய்க்கு அதிகம் எடுக்கப்படுவது பெட் சிடிதான். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

பெட் சிடி

வழக்கமாகப் போடும் ஊசியின் பெயர் எஃப்டிஜி. சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்துச் செய்தது. வேகமாக வளரும் புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுக்கும். இந்தப் போலிச் சர்க்கரையையும் இழுத்துக்கொள்ளும், ஆனால் முழுதாகச் செரிக்க முடியாமல் உள்ளேயே தேங்கிப்போகும். ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால் அந்த இடங்கள் பளிச்சென்று தெரியும்.

ஃப்ளோரின்-18இன் வீரியம் ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் முந்தின நாளே வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. அன்றன்று சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில் தயாரித்து, ஈயப் பெட்டியில் வைத்து, விடிகாலையில் வண்டியில் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்து அந்தக் கணக்கில்தான் மருந்து வரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ மாட்டி ஒரு மணி நேரம் தாமதமானால், உங்களுக்கு வைத்திருந்த மருந்து கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்கும். நேரத்தோடு வரச் சொல்லி முந்தின நாள் திரும்பத் திரும்பப் போன் செய்வது இதனால்தான்.

இதன் பலம் எங்கே என்றால், அறுவை சிகிச்சை செய்யலாமா வேண்டாமா என்ற இடத்தில். நுரையீரல் புற்றுநோயில் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது, 188 நோயாளிகள். வழக்கமான பரிசோதனைகள் மட்டும் செய்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு நெஞ்சைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை வீணாகப் போனது. பெட்டும் எடுத்தவர்களில் அது 21 சதவீதம். அப்போது பயன்பட்டது தனி பெட்தான், சிடியோடு சேர்ந்ததுகூட இல்லை. ஐந்து பேரில் ஒருவர் தேவையில்லாமல் நெஞ்சைப் பிளந்துகொள்வதிலிருந்து தப்பினார் என்றால், அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அதிகம் பார்ப்பது வாய், தொண்டைப் புற்றுநோய். புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டே மூட்டை தூக்கியவர்கள், வலை இழுத்தவர்கள். கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) சேர்த்து வைத்து முடித்த பிறகு, கழுத்தில் இருந்த நெறிக்கட்டியில் இன்னும் நோய் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வி வரும். முன்பு பலருக்குச் சந்தேகத்தின் பேரிலேயே கழுத்தைத் திறந்து நெறிகளை எடுத்துவிடுவார்கள். தோள் தூக்க முடியாமல் போகிற அளவுக்குச் சிரமம் தரும் ஆபரேஷன் அது. பிரிட்டனில் 564 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு எல்லாருக்கும் ஆபரேஷன் என்று திட்டமிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து பெட் சிடி எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் செய்தார்கள். முதல் குழுவில் 221 ஆபரேஷன், இரண்டாவதில் 54. உயிர் பிழைத்தவர்களின் அளவில் இரண்டாவது குழு பின்தங்கவில்லை. சுமை தூக்கிப் பிழைப்பவருக்குத் தோள் மிஞ்சுவது குடும்பமே மிஞ்சுவது என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தில் பெட் சிடி வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தயங்கவே வேண்டாம் என்பேன்.

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் அப்படித்தான். ஆரம்பத்தில் ஒன்று, கீமோ நடுவிலோ முடிவிலோ ஒன்று எடுத்து, 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். டோவில் ஸ்கோர் என்று ரிப்போர்ட்டில் இருக்கும். பொதுவாக 1, 2, 3 வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். கீமோவை மாற்றுவதா, குறைப்பதா, போதுமா என்பது இதை வைத்தே முடிவாகும்.

எரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை

பெட் சிடியைப் பற்றி எங்கள் பகுதி மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். காசநோயும் எஃப்டிஜியை இழுக்கும். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களும் சர்க்கரையைத் தின்று வேலை செய்பவை. படத்தில் அவையும் பளிச்சென்று எரியும். உலகில் காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. நெருக்கமான குடியிருப்பும் தூசியில் வேலையும் உள்ள வடசென்னையில், ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரிக்கு யாராவது ஒருவர் போய்வந்த குடும்பங்கள் நிறைய. பழைய டிபி ஆறிப்போன நெறிகள்கூடச் சில சமயம் எரியும். சமீபத்தில் வந்த நிமோனியா, ஆறாத ஆபரேஷன் புண், கரண்ட் வைத்த இடத்தின் வீக்கம், எல்லாமே எரியலாம்.

நாக்கில் புற்றுநோய் வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டி சின்னது, வெட்டி எடுத்தால் குணமாகும். பெட் சிடியில் நெஞ்சுக்கூட்டின் நடுவில் இரண்டு நெறிகள் எரிகின்றன. ‘பரவியிருக்க வாய்ப்பு’ என்று ரிப்போர்ட் வருகிறது. அதை அப்படியே நம்பினால் அவர் நான்காம் ஸ்டேஜ். ஆபரேஷன் இல்லை, வெறும் கீமோ. மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டு அந்த நெறியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால் அது டிபியாக இருக்கலாம். அப்படியானால் ஆபரேஷனுக்கு வழி இருக்கிறது. எஸ்யுவி என்று ரிப்போர்ட்டில் ஒரு எண் இருக்கும், எவ்வளவு எரிகிறது என்பதன் அளவு. இந்த எண் பெரிதாக இருந்தால் புற்றுநோய், சின்னதாக இருந்தால் டிபி என்று பிரித்துவிட முடியாது; இரண்டின் எண்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அதனால் ஒரே ஒரு இடம் எரிவதை வைத்து சிகிச்சையின் நோக்கமே மாறப்போகிறது என்றால், அங்கிருந்து பயாப்சி எடுக்க முடியுமா என்று கேட்பது உங்கள் கடமை. வீட்டில் யாருக்காவது டிபி வந்திருந்தால் அதை மறைக்காமல் ஊசி போடுவதற்கு முன்பே சொல்லுங்கள். ரிப்போர்ட் எழுதும் டாக்டருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

எதிர்ப்பக்கமும் உண்டு. எரியாத புற்றுநோய்களும் இருக்கின்றன. சளி போன்ற பொருளைச் சுரக்கும் சில வயிற்று, குடல் கட்டிகள், மார்பகத்தில் லோபுலர் என்ற வகை, மெதுவாக வளரும் சில கல்லீரல், சிறுநீரகக் கட்டிகள் சரியாகத் தெரியாமல் போகலாம். ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய புள்ளிகள் தப்பிவிடலாம். மூளை எப்போதுமே சர்க்கரையைத் தின்றுகொண்டிருப்பதால் அங்கே பரவியதை எஃப்டிஜி நம்பகமாகக் காட்டாது. ‘முழு உடல் ஸ்கேன் எடுத்தாச்சே, மூளையும் பார்த்தாச்சு’ என்று நினைத்து எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெஷினைவிட ஊசி முக்கியம்

பெட் சிடி என்று ஒரே பெயரில் சொன்னாலும் எந்த ஊசி போட்டு எடுக்கிறார்கள் என்பதில் வேறு வேறு பரிசோதனைகள் அவை. ஆண்களுக்கு வரும் ப்ராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு எஃப்டிஜி பெரும்பாலும் பொருந்தாது. அதற்கு பிஎஸ்எம்ஏ என்ற ஊசி இருக்கிறது. 2020இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஆய்வு, அபாயம் அதிகமுள்ள ப்ராஸ்டேட் புற்றுநோயாளிகள் 302 பேரைப் பற்றியது. பிஎஸ்எம்ஏ பெட் சிடியின் துல்லியம் 92 சதவீதம். வழக்கமான சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம். கதிர்வீச்சும் பிஎஸ்எம்ஏவில் குறைவு: 8.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு), மற்றதில் 19.2. இரண்டு ஸ்கேன் செலவை ஒரு ஸ்கேன் செலவோடு வைத்துப் பார்த்தால், இந்த நோயில் ‘விலை கூடியது’ என்ற பேச்சே மாறிவிடும்.

நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும்) கட்டி என்று பயாப்சி சொன்னால் டோட்டாடேட், டோட்டாநாக் என்ற ஊசிகள். இவற்றில் உள்ள காலியம்-68 இன்னும் சீக்கிரம், 68 நிமிடத்தில் பாதியாகும். சீட்டில் வெறும் ‘பெட் சிடி’ என்று மட்டும் இருந்தால், எந்த ஊசி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். தவறான ஊசியில் எடுத்த சுத்தமான ரிப்போர்ட் பொய்யான நிம்மதியைத் தந்துவிடும்.

பெட் எம்ஆர்ஐ

மச்சான் சொன்னதில் பாதி சரி. சிடியின் கதிர்வீச்சு இதில் இல்லை, ஊசியின் கதிர்வீச்சு மட்டுமே. 10 மில்லிக்யூரி எஃப்டிஜிக்கு அது சுமார் 7 மில்லிசீவர்ட். பெட் சிடியில் சிடியை எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மொத்தம் 10 முதல் 25 வரை போகும். நாம் எல்லாரும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அறுபது வயதில் புற்றுநோயோடு இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. பத்து வயதுக் குழந்தைக்கு, அடுத்த சில ஆண்டுகளில் பல முறை ஸ்கேன் எடுக்கப்போகும் குழந்தைக்கு, அது பெரிது. குழந்தை என்றால் நானே டாக்டரிடம் பெட் எம்ஆர்ஐ கிடைக்குமா என்று கேட்கச் சொல்வேன்.

மென்மையான உறுப்புகளைப் பிரித்துக் காட்டுவதில் எம்ஆர்ஐக்கு இணை இல்லை. கருப்பை வாய், மலக்குடல், ப்ராஸ்டேட், கல்லீரல், மூளை, நாக்கின் அடிப்பகுதி. ஆனால் நுரையீரலில் சில மில்லிமீட்டர் புள்ளிகளைப் பார்ப்பதில் சிடி கெட்டிக்காரன், எம்ஆர்ஐ அல்ல. காற்று நிறைந்த இடத்தில் எம்ஆர்ஐக்கு சிக்னல் குறைவு, மூச்சு அசைவு வேறு. நிறையப் புற்றுநோய்கள் முதலில் போய் உட்காரும் இடம் நுரையீரல் என்பதால் இது சின்னக் குறை இல்லை.

நேரமும் பார்க்க வேண்டும். பெட் சிடியில் மேசைமேல் 15 முதல் 30 நிமிடம். பெட் எம்ஆர்ஐயில் 40 நிமிடம், ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், குறுகலான குழாய்க்குள், சத்தத்தோடு. முதுகு வலியில் நேராகப் படுக்க முடியாத அம்மாவுக்கு அது சித்திரவதை. பழைய பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப் இருந்தால் உள்ளே விடாமல் போகலாம். மெஷின்களின் எண்ணிக்கையும் குறைவு, தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு, பெட் சிடி ஒன்று, சந்தேகமுள்ள உறுப்புக்கு மட்டும் தனியாக எம்ஆர்ஐ ஒன்று என்று எடுத்தாலே வேண்டியது கிடைத்துவிடும் என்பது என் கருத்து. கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி பக்கவாட்டில் எவ்வளவு பரவியது என்பதை இடுப்பு எம்ஆர்ஐ சொல்லும். மேல் வயிற்று நெறிகளில் நோய் இருக்கிறதா என்பதை பெட் சிடி சொல்லும். 2018இல் திருத்திய சர்வதேச ஸ்டேஜ் முறையில் நெறியில் நோய் இருப்பதை ஸ்கேன் படத்தை வைத்தே கணக்கில் எடுக்கலாம் என்று வந்துவிட்டது. அந்த மேல் நெறியில் இருந்தால் கரண்ட் வைக்கும் பரப்பே மாறும். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு மூன்று வாரம் பெட் எம்ஆர்ஐ தேதிக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஸ்பெக்ட் சிடி

பெரியம்மா சொன்ன எலும்பு ஸ்கேனும் இந்த ஸ்பெக்ட் கேமராவில் எடுப்பதுதான். அதைப் பழைய வழி என்று யாரும் ஒதுக்க வேண்டாம். டெக்னீசியம்-99எம் என்ற மருந்து. அதன் வீரியம் பாதியாக 6 மணி நேரம் ஆகும். அதை ஆஸ்பத்திரியிலேயே இந்த மருந்தைச் சுரந்து தரும் ஜெனரேட்டர் என்ற சிறு பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், சைக்ளோட்ரான் தேவையில்லை. அதனால் விலை குறைவு, கிடைப்பது எளிது. ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தால் போதும், வெறும் வயிறு வேண்டாம்.

இதன் சிக்கல், தேய்ந்த எலும்பும் எரியும் என்பது. துறைமுகத்திலும் கொத்தவால்சாவடியிலும் முப்பது வருடம் மூட்டை சுமந்தவரின் முதுகெலும்பில் எரியாத இடம் அபூர்வம். வெறும் எலும்பு ஸ்கேனில் அது தேய்மானமா, பரவலா என்று தெரியாமல் குடும்பம் தூக்கம் கெட்டுப்போகும். சந்தேகமுள்ள அந்த இடத்துக்கு மட்டும் ஸ்பெக்ட் சிடி சேர்த்து எடுத்தால், எரிவது முள்ளெலும்புகள் உரசும் மூட்டிலா, எலும்பின் உடல் பகுதியிலா என்று தெரிந்துவிடும். மூட்டு என்றால் பெரும்பாலும் தேய்மானம். எலும்பு ஸ்கேன் எடுக்கும்போதே ‘தேவைப்பட்டால் ஸ்பெக்ட் சிடியும் சேர்த்து எடுப்பீர்களா’ என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஊசி அதேதான், கூட ஒரு இருபது நிமிடம்.

எலும்பு மஜ்ஜையில் வரும் மயலோமா என்ற புற்றுநோய்க்கு எலும்பு ஸ்கேனை நம்ப வேண்டாம். அது எலும்பை அரிக்கும், புது எலும்பு கட்டாது. இந்த மருந்து புது எலும்பு கட்டும் இடத்தில்தான் ஒட்டும். அங்கே பெட் சிடியோ முழு உடல் எம்ஆர்ஐயோ வேண்டும். தைராய்டு புற்றுநோயில் அயோடின்-131 கொடுத்த பிறகு எடுக்கும் படத்துக்கும், மார்பகப் புற்றுநோயில் முதல் காவல் நெறி (நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறி) எது என்று கண்டுபிடிப்பதற்கும் ஸ்பெக்ட் சிடி நல்ல துணை.

எதுவும் வேண்டாத நிலை

மார்பகத்தில் சின்னக் கட்டி, அக்குளில் நெறி இல்லை, எலும்பு வலி, இருமல் போன்ற தொல்லை எதுவும் இல்லை. இப்படி ஆரம்ப நிலையில் இருப்பவருக்குப் பரவலைத் தேடி பெட், சிடி, எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012லேயே சொன்னது. பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவான இடத்தில் ஸ்கேன் எடுத்தால், கண்டுபிடிப்பதைவிடப் பொய்யாகப் பயமுறுத்துவதுதான் அதிகம். டிபி உள்ள ஊரில் இன்னும் அதிகம். அந்தப் பயத்தைத் தீர்க்க இன்னொரு ஸ்கேன், ஒரு பயாப்சி, தள்ளிப்போகும் ஆபரேஷன். “எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்னு” கேட்கும் பிள்ளைகளின் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பணம் கீமோ நாட்களில் அம்மாவின் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் வேண்டியிருக்கும்.

குடல் புற்றுநோய் போன்றவற்றில் சாய ஊசி போட்டு எடுக்கும் நல்ல சிடியே முதலில் போதும். அதற்கு க்ரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்வார்கள், சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால்.

பணம், சுகர், பயணம்

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஸ்டான்லியிலோ, சென்ட்ரல் எதிரே ஜிஎச்சிலோ சிகிச்சை நடந்தால், ஸ்கேனை வெளியே எடுக்கச் சொன்னவுடன் பணம் புரட்டக் கிளம்பாதீர்கள். முதலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுண்டருக்குப் போய், இந்த நோய்க்கு இந்த ஸ்கேன் திட்டத்தில் வருமா, எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தால் வரும் என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை திட்டம் இருக்கிறது. முன் அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். தனியார் சென்டரில் எடுப்பதானால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் சாய ஊசி, சிடி, படங்களின் பதிவு எல்லாம் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள்.

எஃப்டிஜிக்கு வரும்போது சுகர் 200க்குள் இருக்க வேண்டும். ஊசிக்கு முன் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், டீயும் ஹார்லிக்ஸும் கூடாது. சுகர் நோயாளிகள் தங்கள் மாத்திரை, இன்சுலின் விவரத்தை தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிட்டால் குடல் முழுக்க எரியும், சில இடங்களில் இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் போட்டவுடன் வந்தால் மருந்தெல்லாம் தசைக்குப் போய், கட்டி மங்கிவிடும்.

முந்தின நாள் வலை இழுப்பது, மூட்டை தூக்குவது, மாடி மாடியாகத் தண்ணீர்க் குடம் சுமப்பது வேண்டாம். உழைத்த தசை எரியும். ஊசி போட்ட பிறகு அந்த ஒரு மணி நேரம் வெற்றிலை பாக்கு மெல்லவும் கூடாது, போனில் பேசவும் கூடாது. வாய், தொண்டைப் புற்றுநோயாளிக்கு இது ரொம்ப முக்கியம். தாடைத் தசையும் குரல்வளையும் எரிந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் நோயைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஏசி குளிர்கிறது என்றால் போர்வை கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். குளிரில் நடுங்கினால் கழுத்துக் கொழுப்பும் எரியும். பிஎஸ்எம்ஏ ஊசிக்கு இந்தச் சுகர் கட்டுப்பாடு கிடையாது.

திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு 2021 முதல் மெட்ரோ இருக்கிறது. காலை வெறும் வயிற்றில் வெயிலும் நெரிசலும் இல்லாமல் சென்ட்ரல் வரை வந்துவிடலாம். படிக்கட்டு ஏறாமல் லிஃப்டில் வாருங்கள். திரும்பும்போது மட்டும், அன்று மாலை வரையாவது கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாமல், கர்ப்பிணிகளை ஒட்டி உட்காராமல் இருந்தால் போதும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போனால் மருந்து வெளியேறிவிடும். கூட வருபவர் கர்ப்பிணியாக இருக்க வேண்டாம். நோயாளியே கர்ப்பமாக இருக்கக்கூடும், பால் கொடுக்கிறார் என்றால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனுக்கு அவசரம் கூடாது. கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரமாவது, கரண்ட் முடிந்து மூன்று மாதம். அதற்குள் எடுத்தால் ஆறும் புண்ணும் எரியும். முடிந்தவரை முதல் முறை எடுத்த அதே சென்டரில், அதே ஊசியில் எடுங்கள். மெஷின் மாறினால் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. வரும்போது காகித ரிப்போர்ட்டோடு பழைய படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். முன்பு எரிந்த இடம் இப்போது எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் டாக்டர் எழுதுவார்.